தலைக்கட்டுக்குள் இரண்டு முட்டை

என் பிள்ளைக்கு,

நன்றாகச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே என்று நீ எழுதியதையெல்லாம் போன வாரம் வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு தாப்பாவுக்கு இறங்குகிற லோரிக்கார மாரிமுத்து, திரும்பி வரும்போது நம் தோட்டத்துக் கேட்டருகே லோரியை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். காலில் புண்ணுக்கு மருந்து போட நீ வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்குப் போனாராம். அங்கே உன்னைப் பார்த்தாராம். "அக்கா, தம்பிக்குக் கழுத்தெலும்பு வெளிய தெரியுதுக்கா. சாப்பாட்டுத் தட்ட பக்கத்துக் கட்டில் பெரியவருக்குத் தள்ளிவிட்டுட்டு, வெறும் தேத்தண்ணியக் குடிச்சிக்கிட்டு நிக்கிறான்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அப்படியே அந்த லோரியில் ஏறி வந்திருப்பேன். பாஸ் இல்லாமல் யாரும் நகரக்கூடாது, வண்டிகளெல்லாம் போலீஸ் காவலோடு வரிசையாகத்தான் மலை இறங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே, அது உன்னைக் காப்பாற்றியது. அதனால் எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணலாக இருக்கும், சொல்ல வந்தது கோணல் இல்லை. முழுவதும் படி.

உனக்குச் சோறு ஊட்டி ஊட்டியே என் பாதி ஆயுள் போய்விட்டது. தவழ்கிற வயசில் வாயில் வைத்த கவளத்தை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு, நான் திரும்பியதும் கோழிக்குத் துப்புவாய். கோழி கொழுத்தது, நீ கொத்தவரங்காயாகவே இருந்தாய். பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொடுத்த ரொட்டியைப் பக்கத்து லயத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வந்து, தின்றுவிட்டேன் என்று என் முகத்தைப் பார்த்தே சொல்வாய். உன் அப்பாவும் இப்படித்தான். தட்டில் பாதியை ஒதுக்கிவைத்துவிட்டு, "புள்ளைக்கு இருக்கட்டும்" என்று எழுந்துவிடுவார். அந்த மனுஷனுக்கு நெஞ்சில் சளி கட்டியபோது தாங்குவதற்கு உடம்பில் ஒன்றுமே இல்லை. ஒரு மழைக்காலத்துக் குளிரோடு போய்விட்டார். அதற்குப் பிறகு உன் விலா எலும்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும். பயம் வரும். எனக்குப் பயம் வந்தால் அது வெளியே கோபமாகத்தான் வரும், அது உனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று நீ தாப்பாவுக்குப் போன கதையை மறந்திருக்க மாட்டாய். நோயாளியைத் தூக்கணும், ஸ்ட்ரெச்சர் பிடிக்கணும், ராத்திரி பகல் நிற்கணும். டாக்டர் உன்னைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு, நூற்றுப் பத்து ராத்தலாவது இல்லாமல் இந்த வேலைக்கு எடுக்க மாட்டேன், உடம்பைத் தேற்றிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார். நீ வீட்டுக்கு வந்து மறுபடியும் களைக்கொத்தியைத் தூக்கினாய். உனக்கு இந்த மலையை விட்டு இறங்கணும், களைக்கொத்தியைக் கீழே வைக்கணும். எனக்கும் அதுதான் ஆசை. அப்புறம் நம் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெசரிடம் போய், சதை போட என்ன வழி என்று கேட்டுக்கொண்டு வந்தாய். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடு, முட்டை சாப்பிடு, பால் குடி, கச்சான் கடலை மெல்லு, கனமானதைத் தூக்கு என்று அவர் சொன்னாராம். நான் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பதைக் காக்கிக் காற்சட்டை போட்ட ஒருத்தர் சொன்னதும் உனக்கு அது வேதவாக்காகிவிட்டது. மறுநாளே ஆட்டுக்கல் குழவியைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் பின்னால் போய்விட்டாய். நான் சட்னி அரைக்கப் போனால் குழவி இல்லை. கூப்பிட்டால், இன்னும் இருபது தடவை தூக்கணும்மா என்று குரல் வருகிறது. தோசைக்குச் சட்னி இல்லாமல் தின்ற நாட்களை எல்லாம் நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை, பிழைத்துப் போ.

சாப்பிடு என்று சொல்வது சுலபம், சாப்பாட்டுக்கு எங்கே போவது? காட்டுக்குள் ஒளிந்திருந்து சண்டை போடுகிறவர்களுக்கு அரிசி போய்விடக்கூடாது என்று ஊரையே பட்டினி போட்டு வைத்திருக்கிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று பங்கீட்டு அரிசி. கிழவிக்கும் பால்குடிப் பிள்ளைக்கும் ஒரு மாதிரி, உழைக்கிறவனுக்கு ஒரு மாதிரி, ஆனால் யாருக்கும் போதாது. தானா ராத்தா டவுனில் ராவுத்தர் கடைக்குப் போய் உனக்காக டின் பால் கேட்டால், அவர் என் கண் முன்னாலேயே டின்னில் ஆணியை வைத்து ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். காட்டுக்குக் கடத்தி வைத்துக்கொள்ளக் கூடாதாம், உத்தரவு. கெட்டுப்போவதற்குள் குடித்தாக வேண்டும். உனக்கோ அத்தனை இனிப்பு ஆகாது என்று முகம் சுளிப்பு. ஓட்டையை வாழையிலைத் துண்டால் மூடி, எறும்புக்குப் பயந்து தண்ணீர் ஊற்றிய மங்குக் கிண்ணத்துக்குள் நிறுத்திவைத்து, காலையில் உன் மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தவள் நான். இதெல்லாம் போதாதென்று, வேலைக்குப் போகும்போது ஒரு பருக்கை கூட லயத்தைச் சுற்றிய முள்வேலியைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. விடியும் முன்னே பசியாறிவிட்டு மலையேறினால், திரும்பி கேட்டுக்குள் நுழைந்தால்தான் அடுத்த வாய்ச்சோறு. மீறிக் கொண்டுபோய்ப் பிடிபட்டால் விசாரணை, காவல்முகாம், அதற்கும் மேலே போனால் கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பிவிடுவார்கள். நீ பிறந்தது இங்கே. அங்கே உனக்கு யாரைத் தெரியும்?

தராசுக் கூத்தை வேறு எழுத வேண்டும். சனிக்கிழமை வேலை முடிந்ததும், கொழுந்துச் சாக்கு நிறுக்கிற பெரிய தராசின் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நீ குரங்கு மாதிரித் தொங்குவாய். கணக்கு எழுதுகிற கிராணி ஐயா முள்ளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த மாதம் முழுக்க மழை. நீ நனைந்த சட்டை, நனைந்த கம்பளி, இடுப்பில் நனைந்த சாக்கு எல்லாவற்றோடும் தொங்கிவிட்டு, வாராவாரம் ஏறுகிறேன் என்று துள்ளினாய். ஒரு நாள் கிராணி ஐயா பழக்கதோஷத்தில், ஈரக் கொழுந்துக்குக் கழிக்கிற மாதிரியே உனக்கும் ஐந்து ராத்தலைக் கழித்துவிட்டுத்தான் சொன்னார். "நான் என்ன கொழுந்தாங்கய்யா?" என்று நீ சண்டைக்குப் போனாய். கொழுந்து பறிக்கிற பெண்களெல்லாம் கூடையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவர் கழித்ததுதான் சரி. நீ அதை ஏற்காமல், நனைந்த கணக்கையே நம்பிக்கொண்டு மறுபடி தாப்பாவுக்கு ஓடினாய். அங்கே சட்டையைக் கழற்றி நிறுத்ததும் உன் கணக்கு பல் இளித்துவிட்டது. தீபாவளி கழித்து ஒரே ஒரு தடவை வா, அதோடு சரி என்று டாக்டர் சொல்லிவிட்டார். யாராவது ஈரத்தைச் சதை என்று எண்ணுவார்களா? தேயிலைத் தோட்டத்தில் பிறந்துவிட்டு, இதுகூடத் தெரியாமல் போனதை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆனால் இத்தனை கொட்டியும் உன் உடம்பில் ஏன் ஒட்டவில்லை என்பது எனக்குக் கொஞ்ச நாளிலேயே தெரிந்துவிட்டது. ஒரு நாள் சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வெறும் வயிறு, மேலே வெயில், கீழே பனி. செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீ அடுத்த மலையில் களை எடுத்துக்கொண்டிருந்தாய், பார்த்துவிட்டாய். அதற்கு மறுநாளிலிருந்து, நான் காலையில் அவித்துக் கொடுக்கிற இரண்டு முட்டையையும் நடந்துகொண்டே தின்றுகொள்கிறேன் என்று வாங்கி, துண்டுக்குள் சுற்றி, தலையில் கட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டினாய். பத்து மணி வாக்கில் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் என் வரிசைக்கு வந்து, தலைக்கட்டைத் தளர்த்தி ஒரு முட்டையை என் கையில் வைத்தாய். எனக்கு உயிரே போய்விட்டது. அடிக்கக் கையை ஓங்கினேன். நீ போகாமல் நின்றாய். முட்டையைக் கூடைக்குள் மறைக்கவும் முடியாது, எறியவும் முடியாது, முட்டை ஓட்டைக் கண்டால் கூட விசாரிப்பார்கள். ஓட்டை மண்ணுக்குள் புதைத்துவிட்டு, முட்டையை வாயில் போட்டு விழுங்குவதுதான் இருக்கிறதிலேயே பாதுகாப்பான வழியாகப் போயிற்று. விழுங்கிவிட்டுத் திட்டினேன். மறுநாளும் கொண்டுவந்தாய். மறுநாளும் விழுங்கிவிட்டுத் திட்டினேன். என் திட்டு உனக்குக் காற்றோடு போயிற்று. உன் கையில் ஏற வேண்டிய சதை என் வயிற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தலைசுற்றல் நின்றுவிட்டது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், அது இன்னும் எரிச்சல்.

கேட்டில் சோதனை நடந்த அந்தக் காலை உனக்கும் மறக்காது. கீழேயிருந்து புதிதாக ஒரு போலீஸ் சார்ஜன் வந்திருந்தார். வேறெங்கோ மருந்தடிக்கிற டின்னுக்குள் சோறு பிடிபட்டதாம், அதனால் ஒவ்வொருத்தரையும் தலைத்துண்டைக்கூட அவிழ்க்கச் சொன்னார். நான் பெண்கள் வரிசையில் உனக்கு முன்னாலேயே கேட்டைத் தாண்டிவிட்டேன். திரும்பிப் பார்க்கும்போது நீ துண்டை அவிழ்க்காமல் நின்றாய். போலீஸ்காரர் ஒருவர் பிடித்து இழுத்தார். ஒரு முட்டை உன் தோளில் பட்டுத் தெறித்து, சரளையில் உருண்டு போய் சார்ஜனுடைய பூட்ஸ் அருகில் நின்றது. இன்னொன்றை நீயே கையில் பிடித்துக்கொண்டாய். யாருக்கு இது என்று சார்ஜன் மலாயில் கேட்டார். எனக்குத்தான் என்றாய். அவர் உன் கையை விரலால் வளைத்துப் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டன. இந்த உடம்புக்குள் இரண்டு முட்டை போகிறதா, இது காட்டுக்குப் போகிற முட்டை என்று சொல்லி, உன்னைக் கேட்டுப் பக்கத்துக் காவல்கொட்டகைக்குள் தள்ளினார்.

நான் கூடையை எறிந்துவிட்டு ஓடிவந்தேன். கிராணி ஐயாவும் வந்தார், அவர்தான் நமக்காக மலாயில் பேசியது. நல்ல மனுஷன், பயந்த மனுஷன். இவன் வாராவாரம் தராசில் தொங்குகிறவன், உடம்பு ஏற்ற அலைகிறவன், தோட்டத்துக்கே தெரியும் என்று சொன்னார். ஏறியதா என்று சார்ஜன் கேட்டார். கிராணி ஐயாவால் பொய் சொல்ல முடியவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீ ஒல்லியாக இருப்பதே உனக்கு எதிரான சாட்சி. தின்றவன் உடம்பு இப்படி இருக்காது, அப்படியென்றால் தின்றது வேறு யாரோ. அந்த வேறு யாரோ நான்தான். அதைச் சொன்னால், உணவை வெளியே கொண்டுபோய் இன்னொருத்தருக்குக் கொடுத்தான் என்று நானே என் வாயால் எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். இன்றைக்கு அம்மாவுக்குக் கொடுத்தவன் நேற்று யாருக்குக் கொடுத்தான் என்று தொடங்கிவிடுவார்கள். அதனால் நான் வாயைத் திறந்தேன். இவன் தின்கிறதுக்கு அளவே கிடையாது சார்ஜன், எருமை மாதிரித் தின்கிறான், பெற்ற தாய்க்குக்கூட ஒரு வாய் மிச்சம் வைக்க மாட்டான், எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாத பிறவி, அப்பனைப் போல என்று கத்தினேன். பின்னால் நின்ற பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு உண்மை தெரியும்.

சார்ஜன் வெளியே போனார். சரளையில் கிடந்த முட்டையை எடுத்துவந்து, மண்ணைத் துடைத்து, உன் கையிலிருந்த மற்றதோடு சேர்த்து மேசையில் வைத்தார். "மாக்கான்லா" என்றார். தின்னு, பார்க்கிறேன் என்று அர்த்தம். நீ முதல் முட்டையை உரித்தாய். அவசரத்தில் பாதி வெள்ளை ஓட்டோடு போயிற்று. தண்ணீர் இல்லை, மஞ்சள் கரு தொண்டையில் அடைக்கிறது, கண்ணில் நீர். அதை முழுங்கிவிட்டாய். இரண்டாவதை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். அது என் முட்டை. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். உன் கை மேசையிலிருந்து என் பக்கம் இம்மி நகர்ந்தது. சார்ஜன் அதையும் பார்த்திருந்தால் இன்றைக்கு நீ எங்கே இருப்பாய்?

"என்னப் பாக்காதடா. தின்னு" என்றேன்.

நீ தின்றாய். என் வாழ்க்கையில் நீ முழுதாகத் தின்று நான் பார்த்த முதல் சாப்பாடு அதுதான், அதைப் பார்த்து என் வயிறு எரிந்தது. உனக்கு விக்கல் எடுத்தது. சார்ஜன் தன் தண்ணீர்க் குடுவையை உன்னிடம் நீட்டினார். முட்டையும் இல்லை, இனிக் கேஸும் இல்லை, அடுத்த தடவை நெல்மணி ஒன்று இருந்தாலும் விடமாட்டேன் என்று கிராணி ஐயாவிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் என்னை நம்பினாரா, நம்பாமலே விட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் எங்கிருந்தாலும் அவர் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். வெளியே வந்து, லயத்துக்குப் போகும் வழியில் உன்னை முதுகில் நாலு அறை வைத்தேன். பிறகு ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். எனக்காக நீ ஒளித்துக் கொண்டுவந்த முட்டையை என் எதிரிலேயே உன்னைத் தின்ன வைத்தார்களே என்று அழுதேன். நீயும் என் பக்கத்தில் விக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாய்.

அன்றைக்கு நாம் போட்ட ஒப்பந்தம் நினைவிருக்கிறதா? இனிமேல் வேலிக்கு வெளியே ஒன்றும் போகாது, எல்லாம் வயிற்றுக்குள்தான் போகும், உனக்கும் எனக்கும் என்று முடிவு செய்தோம். வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு மணி அடிக்கும் முன்பே எழுந்து, அடுப்படியில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நீ உன் முட்டையைத் தின்று முடித்தாயா என்று நான் பார்ப்பேன், நான் என் முட்டையைத் தின்றேனா என்று நீ பார்ப்பாய். இரண்டு கள்ளர்கள் ஒருத்தரை ஒருத்தர் காவல் காத்த கதைதான். மரவள்ளிக் கிழங்கை அவித்து, கச்சான் கடலையை இடித்துப் போட்டு, நீ முகம் சுளித்த டின் பாலையும் விட்டுத் தின்ன வைத்தேன். குழவியையும் உனக்கே விட்டுக்கொடுத்து, நான் அடுத்த வீட்டு ஆட்டுக்கல்லில் அரைத்துக்கொண்டேன். தீபாவளி கழித்து நீ தாப்பா தராசில் காய்ந்த உடம்போடு ஏறியபோது முள் நூற்றுப் பத்தைத் தாண்டி நின்றது. நீ வந்து சொன்னதும் லயமே கூடிவிட்டது. கிராணி ஐயா அன்றைக்கு மட்டும் ஒன்றையும் கழிக்காமல் நம்பினார்.

இத்தனைக்கும் பிறகு அங்கே போய் மறுபடியும் தட்டைத் தள்ளிவிடுகிறாய். அந்தப் பெரியவருக்குப் பார்க்க வர ஆள் இல்லை, அவருக்குப் பசிக்கிறது, அதுதானே? கொடு. கொடுக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது, உன் முட்டையைத் தின்ற வாய் இது. ஆனால் முதலில் நீ தின்றுவிட்டுக் கொடு. உன் பங்கைக் கொடுக்காதே, அவருக்கென்று கேள். சமையல்கட்டுக்குப் போய், இவருக்கு இன்னொரு கரண்டி வேண்டும் என்று வாயைத் திறந்து கேள். நீ வேலை செய்வது ஆஸ்பத்திரியில், அங்கே கேட்டில் யாரும் உன் தலைத்துண்டை அவிழ்க்கப் போவதில்லை. ஒளித்துக் கொடுத்துப் பழகிவிட்டாய், கேட்டு வாங்கத் தெரியவில்லை. அந்தப் பெரியவரை நாளைக்கு ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது உன் கை நடுங்கி அவர் கீழே விழுந்தால், நீ கொடுத்த சோற்றுக்கு என்ன அர்த்தம்? உன் அப்பா எல்லோருக்கும் ஒதுக்கி வைத்தார். கடைசியில் நமக்கு அவரையே ஒதுக்கி வைக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. உன்மேலும் அதே கோபத்தைச் சுமக்க எனக்குத் தெம்பு இல்லை.

எனக்குத் தெம்பு இருக்கிறதா என்று நீ கேட்பாய் என்பதால் இதையும் எழுதுகிறேன். நீ போன பிறகும் பெரட்டுக்கு முன்னால் அடுப்படியில் உட்கார்ந்து ஒரு முட்டை தின்கிறேன். எதிரே காவலுக்கு ஆள் இல்லை, இருந்தாலும் தின்கிறேன். சனிக்கிழமை எனக்கே ஒரு ஆசை வந்து, பெண்கள் சிரிக்கச் சிரிக்க, நானும் அந்தத் தராசுக் கொக்கியைப் பிடித்துத் தொங்கினேன். மழை பெய்து சேலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. கிராணி ஐயா முள்ளைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல ஈரத்துக்குக் கழிக்க வாயெடுத்தார். "ஐயா, ஈரத்துக்குக் கழிச்சிக்குங்க. ஆனா மிச்சம் இருக்கிறது எம் மகன் குடுத்தது, அதுல ஒரு ராத்தல் கொறைக்காதீங்க" என்றேன். அவர் கழித்துவிட்டுச் சொன்னார். நான் தலைசுற்றி உட்கார்ந்த நாளில் இருந்ததைவிட நன்றாகவே கூடியிருக்கிறேன்.

தைக்கு லீவு கேட்டு வா. உன்னையும் நிறுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். காய்ந்த சட்டையோடு வா.

உன் அம்மா